பத்திரிகையில் தாத்தாவின் வேலை

குழு: அகஸ்தியன்பள்ளி வீடு

கார்த்தி: அப்பாயி கருமாதி பத்திரிகை மாதிரி அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அச்சகத்துக்காரர் ராத்திரி 9 மணிக்குள் சொல்லச் சொல்கிறார்.

கார்த்தி: [படம்]

செல்வி அத்தை: அம்மாவுக்கு வேறு போட்டோ கிடைக்கலையா? இது ஆதார் கார்டு போட்டோதானே

மலர் அக்கா: என் கல்யாண ஆல்பத்தில் ஒன்று இருக்கிறது. பச்சைப் புடவை. தேடி அனுப்புகிறேன்.

பாபு அண்ணன் சிங்கப்பூர்: எங்கள் அப்பா பெயர் ஏன் கடைசியில்?

கார்த்தி: வயசு வரிசை அண்ணா. மாமா பெயர் எல்லாம் மகன்களுக்குப் பிறகுதான் வரும்.

பாபு அண்ணன் சிங்கப்பூர்: ம்

கோவிந்தன் பெரியப்பா: கார்த்தி, "மறைந்த ரயில்வே அதிகாரியின் மனைவி" என்று யார் போடச் சொன்னது?

கார்த்தி: இளங்கோ சித்தப்பா

இளங்கோ சித்தப்பா: நான்தான் அண்ணே. புது சம்பந்தி வீட்டார் எல்லாம் பார்ப்பார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

கோவிந்தன் பெரியப்பா: அப்பா கீமேன். கேங்மேனாகச் சேர்ந்து கீமேன் ஆனார், ரிட்டயர் ஆகும் வரை கீமேன். அம்மா 92 வயசு வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டது கீமேன் பென்ஷன். அதைப் போட்டால் மரியாதை எங்கே குறையும்?

செல்வி அத்தை: அண்ணன் சொல்வதுதான் சரி

இளங்கோ சித்தப்பா: நீ எப்போது அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசினாய் செல்வி

மலர் அக்கா: சித்தப்பா, இன்றைக்கு வேண்டாமே

அனு: பெரிய தாத்தா, கீமேன் என்றால் என்ன வேலை? ஸ்டேஷன் சாவி வைத்திருப்பவரா?

கோவிந்தன் பெரியப்பா: நல்ல வேளை கேட்டாய் கண்ணு. தண்டவாளத்தை அடியில் இருக்கிற குறுக்குக் கட்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுக்குச் சாவி என்று பெயர். வண்டி ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்துவிடும். கீமேன் தினமும் தன் பகுதி முழுவதையும் நடந்து பார்த்து, நகர்ந்ததை அடித்து உள்ளே ஏற்ற வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. தண்டவாளத்தில் விரிசல் கண்டால் கொடியை ஊன்றிவிட்டு வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். இறுக்கமாக இருக்கிற சாவியைத் தட்டினால் கணீரென்று கேட்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போய்க் கண்ணை மூடச் சொல்லி எது எது என்று கேட்பார்.

அனு: 👏

கோவிந்தன் பெரியப்பா: அதுவும் நம் பக்கம் உப்பளக் காற்று. இரும்பைத் தின்றுவிடும். தண்டவாளத்தின் அடிப்பாகம் துரு ஏறிச் செதில் செதிலாக உதிரும். இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற பிஷ் பிளேட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி மாட்டுவார்கள். அப்பா சட்டையில் அந்தக் கிரீஸ் வாசனை போகவே போகாது. அம்மா தனியாகத்தான் துவைப்பாள்.

செல்வி அத்தை: சீயக்காய் போட்டுத் துவைப்பாள். அப்புறமும் போகாது

பாபு அண்ணன் சிங்கப்பூர்: ஒரு சந்தேகம். வழி என்று போட்ட இடத்தில் "அகஸ்தியன்பள்ளி ரயில் நிலையம் அருகில்" என்று இருக்கிறது. அந்த ஸ்டேஷன்தான் மூடிவிட்டார்களே?

கார்த்தி: அண்ணா எந்த உலகத்தில் இருக்கிறீர்கள். திறந்தாயிற்று

கோவிந்தன் பெரியப்பா: 2004-ல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள் பாபு. நீ சிங்கப்பூர் போனபோது அந்த இடம் முழுக்கக் கருவேலங்காடு. அப்புறம் அகலப் பாதையாக மாற்றி 2023 ஏப்ரல் 8-ல் திறந்தார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை 37 கிலோமீட்டர், 294 கோடி ரூபாய் செலவு. 19 வருஷம் ரயில் இல்லாமல் இருந்த ஊர் இது. அப்பாவுக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அம்மா பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

மலர் அக்கா: "ஏன்டா புகையே இல்லை" என்று கேட்டது அப்பாயி

பாபு அண்ணன் சிங்கப்பூர்: அப்படியே கோடியக்கரை வரை போகுமா?

கோவிந்தன் பெரியப்பா: போகாது. அந்தக் காலத்தில் கோடியக்கரை வரை போனது, அந்தத் துண்டு முன்னாடியே நின்றுவிட்டது. இப்போது நம் ஊர்தான் கடைசி ஸ்டேஷன்.

இளங்கோ சித்தப்பா: சரி அண்ணே, கீமேன் என்றே போடட்டும். ஆனால் மேலே "உப்பு சத்தியாக்கிரக மண்ணின் தியாகக் குடும்பம்" என்று ஒரு வரி சேர்க்கலாம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். எத்தனை பேருக்கு இந்தப் பெருமை கிடைக்கும்?

கோவிந்தன் பெரியப்பா: மண் சரி. குடும்பம் சரியில்லை.

இளங்கோ சித்தப்பா: ஏன்? தாத்தா அள்ளவில்லையா?

கோவிந்தன் பெரியப்பா: ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி, 28-ல் வேதாரண்யம் வந்து, 30-ல் நம் ஊரில் உப்பு அள்ளினார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கக் கூடாது என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவர் நாவிதர் வைரப்பன். போராட்டத்துக்கு உள்ளூரில் ஏற்பாடு செய்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை சொத்தையே இழந்தார். தியாகம் என்றால் அவர்களுடையது. நம் தாத்தா அளத்தில் கூலி. பாத்தியில் உப்பு வாரிப் போட்டால்தான் அன்றைக்குக் கஞ்சி. அவர் அள்ளினது கூலிக்கு. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாததைப் பத்திரிகையில் ஏற்றக் கூடாது.

அனு: 🙏

இளங்கோ சித்தப்பா: உங்களுக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கஜா புயலில் விழுந்த தென்னைக்கு வந்த நிவாரணப் பணத்துக்கு மட்டும் கணக்கு கிடையாது

செல்வி அத்தை: ஆரம்பிச்சாச்சு

கோவிந்தன் பெரியப்பா: தோப்பு அம்மா பெயரில். பணம் அம்மா கணக்கில். பாஸ்புக் பீரோவில். வந்து பார்.

மலர் அக்கா: காரியம் முடியட்டும் சித்தப்பா. எல்லோரும் வருகிறோம் இல்லையா, உட்கார்ந்து பேசலாம்

கார்த்தி: சென்னையிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள்? வேன் சொல்ல வேண்டும்

மலர் அக்கா: நாங்கள் நாலு பேர். அனுவும் அவள் தோழியும் சேர்ந்தால் ஆறு

அனு: ரயிலில் வரலாமே. எனக்கு அந்த லைனில் போக வேண்டும்

கார்த்தி: தாம்பரம்–செங்கோட்டை வண்டி திருத்துறைப்பூண்டியில் நிற்கும். ஆனால் வாரத்தில் 3 நாள்தான். அந்தக் கிழமை ஒத்துவருகிறதா பார்க்கிறேன்

மலர் அக்கா: விடியாத நேரத்தில் இறக்கிவிடுவான். அங்கே குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது

செல்வி அத்தை: காரியம் ஞாயிற்றுக்கிழமை. நம் ஊர் வண்டி ஞாயிறு ஓடுதா முதல்ல?

கார்த்தி: நேரில் போய்க் கேட்டுச் சொல்கிறேன்

அனு: பெரிய தாத்தா, இந்த லைன் வெள்ளைக்காரன் உப்புக்காகப் போட்டதா?

கோவிந்தன் பெரியப்பா: இதை எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் கண்ணு. நம் பக்கத்து ரயிலுக்கு முதல் காசு வந்தது விவசாயியிடமிருந்து. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு வரி வசூலித்தது. அந்தப் பணத்தில் 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் போட்டார்கள். ஜில்லா போர்டு போட்ட ரயில் என்றால் இந்தியாவிலேயே அதுதான் முதல். ஓட்டியது சௌத் இந்தியன் ரயில்வே கம்பெனி. 1919-ல் திருத்துறைப்பூண்டியிலிருந்து இந்தப் பக்கம் கிளை வந்தது. உப்பு ஏற்றத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. அதோடு புகையிலை, கருவாடு, கோடியக்கரை அமாவாசைக்கு முழுக்குப் போட வரும் கூட்டம். அப்பா 1950-ல் சேர்ந்தபோது கம்பெனி பெயர்தான். 1951 ஏப்ரல் 14 முதல் சதர்ன் ரயில்வே. அப்பாவின் பித்தளை அடையாள வில்லையில் பழைய கம்பெனி எழுத்தே இருந்தது. தேய்ந்து போயிருக்கும்.

மலர் அக்கா: அந்த வில்லை இப்போது எங்கே?

செல்வி அத்தை: படையலில் வைக்கணும். அம்மா அதைச் சாமி மாடத்தில்தான் வச்சிருந்தாள்

கோவிந்தன் பெரியப்பா: மாடத்தில் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

பாபு அண்ணன் சிங்கப்பூர்: இளங்கோ மாமா வீட்டு ஷோகேஸில் பார்த்த ஞாபகம்

இளங்கோ சித்தப்பா: கஜாவில் கூரை போனபோது எடுத்துப் பத்திரப்படுத்தினேன். என்னிடம் இருந்தால் என்ன, நானும் அவர் பிள்ளைதானே

கோவிந்தன் பெரியப்பா: இருக்கட்டும். நீயே வைத்துக்கொள். காரியத்தன்று மட்டும் கொண்டு வா.

இளங்கோ சித்தப்பா: கொண்டு வருகிறேன் அண்ணே

செல்வி அத்தை: படையலுக்கு வெற்றிலை சீவல், பன், டீ மறக்காதீங்க. அப்பாவுக்குக் கேங் குடிசைக்குத் தூக்கில் சோறு கொண்டு போய்க் கொடுத்துட்டு, வரும்போது ஸ்டேஷன் கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டு வருவாள். வீட்டில் யாருக்கும் சொல்ல மாட்டாள்

மலர் அக்கா: இது எனக்குத் தெரியாதே 😂

செல்வி அத்தை: எனக்கு ஒரு பன் லஞ்சம்

பாபு அண்ணன் சிங்கப்பூர்: சமையல் யார்? போன தடவை சாம்பாரில் உப்பே இல்லை

கார்த்தி: உப்பள ஊரில் இந்தப் பேச்சு வாங்கியது நாம்தான் அண்ணா. இந்தத் தடவை வேறு ஆள். 150 பேருக்குச் சொல்லியிருக்கிறேன், 200 ஆகலாம்

செல்வி அத்தை: தெற்குத் தெரு சின்னம்மா வீட்டுக்குப் பத்திரிகை உண்டா?

இளங்கோ சித்தப்பா: அவர்கள் சாவுக்கே வரவில்லை

கோவிந்தன் பெரியப்பா: அவர்கள் வராதது அவர்கள் பாடு. பத்திரிகை போக வேண்டும். நானே கொண்டு போகிறேன்.

இளங்கோ சித்தப்பா: உங்கள் இஷ்டம்

கார்த்தி: திருத்திய மாதிரி இரண்டு அனுப்புகிறேன். முதலில் "ரயில்வே கீமேன்" என்று மட்டும். இரண்டாவதில் "தென்னக ரயில்வே, அகஸ்தியன்பள்ளி, ஓய்வுபெற்ற கீமேன்". தியாகக் குடும்பம் வரி இரண்டிலும் இல்லை.

கார்த்தி: [படம்] [படம்]

கோவிந்தன் பெரியப்பா: இரண்டாவது.

அனு: இரண்டாவது

பாபு அண்ணன் சிங்கப்பூர்: எனக்கு முதலாவது. இரண்டாவதில் எங்கள் அப்பா பெயர் இன்னும் கீழே போய்விட்டது

இளங்கோ சித்தப்பா: கீமேன் என்பதைத் தமிழில் போட முடியாதா? "இருப்புப்பாதைக் காவலர்" மாதிரி

கோவிந்தன் பெரியப்பா: ஊரில் யாரைக் கேட்டாலும் கீமேன் வீடு என்றுதான் வழி சொல்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பேரை வைத்துத்தான் வீடு கண்டுபிடிக்க வேண்டும்.

இளங்கோ சித்தப்பா: சரி

கார்த்தி: சரி என்றால் எது சித்தப்பா? முதலாவதா இரண்டாவதா? மணி 8.40

கார்த்தி: சித்தப்பா?

மலர் அக்கா: சாப்பிடப் போயிருப்பார். வேனே சொல்லிவிடு கார்த்தி

அனு: அம்மா ரயில்!!

கார்த்தி: காலையில் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதுவரை வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை

செல்வி அத்தை: பச்சைப் புடவை போட்டோ மாத்தினியா?

கார்த்தி: மலர் அக்கா இன்னும் அனுப்பவே இல்லை