லேசிக்குக்குப் பின் பிளஸ் பவர்: உடனே மறுசிகிச்சை செய்யலாமா?

கேள்வி:
எனக்கு வயது 41. இரு கண்களிலும் மைனஸ் 6.50 இருந்ததால் லேசிக் (கண்ணாடிப் பவரை நீக்கும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டேன். இப்போது இரண்டாம் மாதம். வலது கண்ணில் பிளஸ் 1.25, இடது கண்ணில் பிளஸ் 0.75 இருப்பதாகச் சொல்கிறார்கள். தூரப் பார்வை காலையில் தெளிவாகவும் மாலையில் மங்கலாகவும் இருக்கிறது. கைபேசியைச் சிறிது நேரம் படித்தாலே நெற்றி வலிக்கிறது. லேசிக்கின்போது கருவிழியில் வெட்டித் திறந்த மெல்லிய மடலை மீண்டும் தூக்கி இந்த வாரமே சரிசெய்யலாம் என்கிறது மருத்துவமனை. ஒப்புக்கொள்ளலாமா?

பதில் 1:
கண் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். அவசரம் வேண்டாம் என்பேன். பவர் நிலைபெறப் பொதுவாக மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் கருவிழியின் மேல்தோல் சற்றுத் தடித்து, பிளஸ் ஓரளவு தானாகவே குறைவதும் உண்டு. காலைக்கும் மாலைக்கும் பார்வை மாறுகிறது என்றால் கண் உலர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த கண்ணில் எடுத்த அளவை நம்பி லேசர் வைக்கக் கூடாது. முதலில் உலர்வுக்குச் சிகிச்சை பெற்று, பிறகு பார்வையைக் குவிக்கும் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பவரை அளக்கச் சொல்லுங்கள். இல்லையேல் கண் தானே ஈடுகட்டும் பிளஸ் கணக்கில் வராமல் மறைந்துவிடும். இருபது வயதுக்காரர் இதே பவரை உணராமலே இருந்திருப்பார். உங்களுக்கு வெள்ளெழுத்தும் சேரும் வயது. சில வார இடைவெளியில் இருமுறை ஒரே அளவு வந்த பின் முடிவெடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
அதுவரை கண்ணாடி அணிந்தால் கண் அதற்கே பழகிப் பவர் கூடிவிடாதா?

பதில் 2:
கூடாது. எனக்கும் இதே நிலை ஏற்பட்டபோது தற்காலிகக் கண்ணாடியால்தான் அலுவலக வேலையைச் சமாளித்தேன். ஆனால் மருத்துவமனை சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது: ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு மடலைத் தூக்கினால், அதனடியில் மேல்தோல் செல்கள் வளரும் ஆபத்து கூடுகிறது. சில மாதக் காத்திருப்புக்கு அந்தக் கவலை தேவையில்லை.

பதில் 3:
மறுசிகிச்சைக்கு முன் கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம் கட்டாயம் எடுக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய அளவுகளின் நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு வில்லை வைக்கும்போது அவை உதவும். ஸ்டீராய்டு சொட்டு இன்னும் விடுகிறீர்களானால் கண் அழுத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள். லேசிக்கால் கருவிழி மெலிந்திருப்பதால் அழுத்தம் அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுவதில் தவறில்லை. வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.