அடிமைக்குத் தெரிவு இருந்ததா?

மாங்குளம் ரீச்சர்:
"தரம் 7 பிள்ளைகளுக்கு அடிமை வரலாறு படிப்பிக்க, 'ஓடினால் 14ஆம் பக்கம், நின்றால் 22ஆம் பக்கம்' என்று பிள்ளையே வழியைத் தெரிவுசெய்கிற கதைப்புத்தகம்தான் நல்லது" என்று குளக்கரையான் நேற்று எழுதியிருந்தார். அதை வாசித்த எரிச்சலில் எழுதுகிறேன். அடிமைக்கு எங்கே தம்பி தெரிவு இருந்தது? அத்திலாந்திக் கடல் வழியே ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேரைக் கப்பலேற்றினார்கள். அதில் 18 இலட்சம் பேர்வரை கரையையே காணவில்லை. அவர்களுக்கு எத்தனையாம் பக்கம்?

குளக்கரையான்:
புத்தகத்தைத் தொடாமலே தீர்ப்பா ரீச்சர்? அமெரிக்காவில் அடிமையாயிருந்த பிரெடெரிக் டக்ளஸ் 1836இல் தப்பத் திட்டம் போட்டுப் பிடிபட்டார். 1838இல் மாலுமி உடுப்போடு பால்டிமோரில் ரயிலேறித் தப்பினார். அது தெரிவு இல்லையா? எங்கள் வாசிகசாலையில் பெடியள் அந்த 14ஆம் பக்கத்தைப் புரட்டப் பயந்து, பிடிபட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். உங்கள் வகுப்பில் ஆண்டுகளைப் பாடமாக்கிய பிள்ளை அப்படி ஒரு கேள்வி கேட்டதா?

மாங்குளம் ரீச்சர்:
தப்பியவர் ஒருவரைக் காட்டுகிறீர்கள். தப்பாதவர்கள்? நின்றவன் கோழை, பிழை அவனுடையது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். 2009இல் கடைசி யுத்தத்துக்குள் மாத்தளனில் அகப்பட்டு நின்ற சனத்திடம் "போகவா, நிற்கவா" என்று பக்கம் புரட்டிக் கேட்பீர்களா? அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்குத்தான் நான் படிப்பிக்கிறேன். தெரிவு இருந்ததா, இல்லையா?

தருமபுரத்தான்:
இரண்டு பேரும் அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை என்ற வழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1844இல்தான். அதைக் கதைப்புத்தகமாக்க யாருக்குத் துணிவு?

முள்ளியவளை மைந்தன்:
தேசவழமை யாழ்ப்பாணத்தாருடையது. வன்னியை இழுக்காதேயும். 1803இல் வன்னி அரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த மண் இது.

தருமபுரத்தான்:
பண்டாரவன்னியன் பேரைச் சொன்னால் கேள்வி போய்விடுமா? 1977இல் தமிழருக்கெதிரான கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடி வந்த எங்கள் ஆட்களை இதே மண்ணின் வயல்களில் எப்படி வேலை வாங்கினார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளும். கடனைத் துண்டில் எழுதி என் பூட்டனைத் தோட்டத்தில் கட்டிப்போட்ட துண்டுமுறை 1921இல்தான் நின்றது.

முள்ளியவளை மைந்தன்:
காணி கொடுத்தவர்களும் நாங்கள்தான். அதையும் எழுதும்.

மாங்குளம் ரீச்சர்:
காணிச் சண்டையைப் பிறகு பிடியுங்கள். துண்டில் கட்டுண்டவருக்கு மட்டும் தெரிவு இருந்ததா? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்.

குளக்கரையான்:
ரீச்சருக்குப் புத்தகத்தில் கோபமில்லை. போன வாசிப்பு மாத விழாவில் தன்னைப் பேச விடவில்லை என்று என்னில் கோபம். சரி, புதன்கிழமை வாசிகசாலைக்கு வந்து பெடியளிடமே கேளுங்கள்.

மாங்குளம் ரீச்சர்:
விழாவில் நடந்ததை நான் மறக்கவில்லைத்தான். ஆனால் கேள்வி அதுவல்ல. 22ஆம் பக்கத்தில் நின்றவனுக்குப் பிறகு என்ன நடந்தது? அதற்கு அடுத்த பக்கம் இருக்கிறதா?

குளக்கரையான்:
வந்து புரட்டிப் பாருங்கள் ரீச்சர்.