ஆப்பிரிக்க வேட்டைக்கு எத்தனை துப்பாக்கி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

டாலஸ்வாசி

அடுத்த ஜூனில் தென்னாப்பிரிக்கா, லிம்போபோ மாகாணம். பத்து நாள். பட்டியலில் இம்பாலா, குடு, ஜெம்ஸ்பாக் என்று மூன்று மான் வகை. கடைசி மூன்று நாள் எருமைக்கு. டெக்சஸில் பதினோரு வருஷமாக மான், காட்டுப்பன்றி என்று சுற்றியவன்தான், ஆனால் கடல் தாண்டி வேட்டைக்குப் போனதில்லை. கையில் .270, .30-06 என்று இரண்டு அளவில் ரைஃபிள்கள் இருக்கின்றன. எருமைக்கென்று போன வருஷம் .375 ஹெச் அண்ட் ஹெச் ஒன்று வாங்கினேன். மூன்றையும் எடுத்துப் போகலாம் என்பது என் ஆசை. கூடத்தில் மூன்றையும் வரிசையாகப் படுக்கவைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, "சுற்றுலாவா, படையெடுப்பா?" என்று வீட்டம்மா கேட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து எனக்கும் சந்தேகம்தான். போய் வந்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள். எந்தத் தோட்டா உசத்தி என்ற சண்டை வேண்டாம், அதற்கு ஆயுசு போதாது.

ஹூஸ்டன் பெரிசு

தம்பி, நீங்கள் சொல்கிற மூன்றைப் போலவே நானும் மூன்று கொண்டுபோனேன். அதே லிம்போபோதான். .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம், .375. முதலில் எடைக் கதையைக் கேளுங்கள். ஸ்கோப்போடு (குறி பார்க்கும் தொலைநோக்கி) சேர்ந்து ஒவ்வொன்றும் நாலு கிலோ சொச்சம். பூட்டு வைத்த அலுமினியப் பெட்டி மட்டும் ஒன்பது கிலோ. ஆக, பெட்டி 22 கிலோவைத் தாண்டிவிட்டது. 23-க்கு மேல் போனால் விமானக் கம்பெனிக்குத் தனியாகக் காசு. தோட்டா ஒரு பயணிக்கு 5 கிலோதான். மூன்று துப்பாக்கிக்கும் நாற்பது நாற்பதாக எடுத்தேன். அட்டைப் பெட்டிகளோடு சமையலறைத் தராசில் வைத்தபோது முள் ஐந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சரி, அதெல்லாம் பணத்தோடு போகும். நாலாம் நாள் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. காலையில் பனி. பக்கியில் (அங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பின்னால் நின்றுகொண்டு போகிறோம். தடம் பார்ப்பவர் கூரையை இரண்டு தட்டு தட்டினார். மொபானே மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு குடு கடா. கொம்பு இரண்டரைச் சுற்று இருக்கும். வண்டியில் போகும்போது துப்பாக்கி காலியாகத்தான் இருக்க வேண்டும், இறங்கியதும்தான் தோட்டா போடுவார்கள். சத்தமில்லாமல் இறங்கினோம், வண்டி நிற்காமல் மெதுவாகப் போய்விட்டது. அதுவும் ஒரு தந்திரம், வண்டி போகும் திசையையே மிருகம் பார்த்துக்கொண்டிருக்கும். இடுப்புப் பையைத் திறந்து ஒன்றை எடுத்து வைக்கிறேன், உள்ளே போகவில்லை. இன்னொன்று, அதுவும் போகவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் .300 மேக்னம். கையில் இருப்பது .30-06. காலையில் இருட்டில் பை மாறிவிட்டது.

கூட வந்த வேட்டை வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை மட்டும் என் பைக்கும் என் முகத்துக்கும் ஒரு தடவை போய் வந்தது. கடா வாலைத் தூக்கியது, வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். மிச்ச நாள் முழுக்க .375 ஒன்றையே வைத்துச் சுட்டேன். இம்பாலா, வில்டபீஸ்ட், வார்ட்ஹாக் எல்லாம் அதில்தான். மற்ற இரண்டும் பண்ணை வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்து ஊர் வந்து சேர்ந்தன.

ஜோபர்க் தம்பி

பெரிசு அண்ணே, அந்தப் பார்வையை நானும் வாங்கியிருக்கிறேன், வேறு காரணத்துக்கு.

நான் வேட்டைக்காரன் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை, தங்கியிருப்பது வேலை விசாவில். இங்கே துப்பாக்கி உரிமம் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான், அதனால் எனக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வருகிற நண்பர்களை விமான நிலையத்தில் அழைக்கப் போய்ப் போய், எண்ணிக்கை பற்றி எனக்கு ஒரு கருத்து வந்துவிட்டது.

இங்கே ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் பெட்டி வந்ததும் நேரே வெளியே போக முடியாது. போலீஸ் அலுவலகத்தில் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு எண் 520. கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரக் கூடாது, அதிகாரி கண் முன்னால்தான் போட வேண்டும். கூடவே பண்ணைக்காரரின் அழைப்புக் கடிதம், துப்பாக்கி உங்களுடையது என்பதற்கு ஆதாரம். அமெரிக்கர்கள் அதற்குத் தங்கள் சுங்கத் துறையின் 4457 படிவத்தைக் காட்டுவார்கள். துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டா வரை அனுமதி. ஒரே அளவில் இரண்டு துப்பாக்கி கொண்டுவரப் பார்க்காதீர்கள், தகராறு வரும்.

இப்போது கதை. நண்பர் ஒருவர் மூன்று துப்பாக்கியோடு வந்தார். இரவு விமானம், பதினாறு மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கியிருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஸ்கோப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் வரிசை எண்ணை டார்ச் அடித்துப் படிக்கிறார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் படிவத்தில் 8, இரும்பில் பி என்ற எழுத்து. நண்பர் வீட்டில் கண்ணாடி போடாமல் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் படிவத்திலும் அதே 8. அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்து யாரோ படம் பிடித்து அனுப்பி, ஒரு வழியாக முடிந்தது. அதற்குள் போலக்வானே பக்கம் போக வேண்டிய கார் ஓட்டுநர் காத்திருந்து கிளம்பிவிட்டார்.

அந்த மூன்றாவது துப்பாக்கியால் அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்று பிற்பாடு சொன்னார். துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் இன்னொரு எண், இன்னொரு டார்ச் என்று ஆகிவிடுகிறது அண்ணே. வழியில் ஐரோப்பாவில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்கும் தனி அனுமதி வேண்டுமா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

ஸ்கார்பரோ வன்னி

வணக்கம். எங்கட ஊரில் இதற்குத் துவக்கு என்றுதான் பெயர். சின்ன வயதில் வன்னிக் காட்டோரத்தில் இடியன் துவக்குத்தான் பார்த்தது. இரும்புக் குழாயில் மருந்தை இடித்து அடைக்கிற சாமான். அதை வைத்திருந்தவர்கள் எத்தனை துவக்கு என்று யோசித்திருக்க மாட்டினம், ஒன்று வெடித்தாலே பெரிய விஷயம். கனடா வந்தபிறகு ஒன்டாரியோவில் மூஸ் வேட்டை பழகி, மூன்று வருடம் காசு சேர்த்து சிம்பாப்வே போனேன். சாம்பசிப் பள்ளத்தாக்கு. எருமை மட்டும்தான்.

அங்கே சட்டத்திலேயே அளவு எழுதியிருக்கு. எருமை, யானை, நீர்யானைக்கு ஆகக் குறைந்தது 9.2 மில்லிமீற்றர் குறுக்களவு, 5.3 கிலோஜூல் சக்தி. .375 அதற்குள் வரும். நான் ஒன்றுதான் கொண்டுபோனேன். ஒன்று போதும் என்பதுதான் என்ர கட்சி, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு.

இரண்டாம் நாள் காய்ந்த ஆற்றுக்குள் வண்டி இறங்கும்போது துவக்கு தாங்கியிலிருந்து சரிந்து இரும்புக் கம்பியில் அடித்துவிட்டது. வெளியில் ஒரு கீறலும் இல்லை. வழிகாட்டி விடவில்லை. ஒரு கடதாசித் தட்டை மரத்தில் குத்தி, 50 மீற்றரில் சுடு என்றார். தட்டில் படவே இல்லை. இரண்டாவது வெடிதான் விளிம்பில், வலப்பக்கம். ஸ்கோப் ஆடிவிட்டது. ஊரில் என்றால் கடைக்குப் போகலாம்; அங்கே கடை என்பது செட்சி ஈயும் புழுதியும்தான். நல்ல காலம், கையால் திருப்பிக் கழற்றுகிற பிடியில்தான் ஸ்கோப்பைப் பூட்டியிருந்தேன், குழலின் மேல் பழைய இரும்புக் குறியும் இருந்தது. ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டோம். இரும்புக் குறியால் மூன்று வெடி, மூன்றும் தட்டுக்குள்.

எருமையிடம் போனபோது 80 மீற்றருக்குப் பதிலாக 40-க்குள் போக வேண்டி வந்தது. கூட்டத்தைவிட்டு விலகின இரண்டு கிழவன்கள். சேற்றில் புரண்டு முதுகெல்லாம் காய்ந்த மண். அங்கே டாகா பாய் என்று சொல்லுவினம், டாகா என்றால் சேறு. காற்று மாறாமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி சின்னத் துணிப் பையில் சாம்பலை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பது மீற்றரில் அது மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். என்ர மூச்சுச் சத்தம் அதற்குக் கேட்கக் கூடாது என்ற யோசனைதான் எனக்கு. முதல் வெடிக்கு முனை விரிகிற தோட்டா, அதற்குப் பின்னால் விரியாத கெட்டித் தோட்டா என்று அடுக்கியிருந்தது. மூன்று தேவைப்பட்டது.

ஆகவே டாலஸ் தம்பி, .375-இல் இரும்புக் குறி இருக்கா என்று முதலில் பாரும். இல்லாவிட்டால் இரண்டாவது ஸ்கோப் ஒன்றை அதன் வளையத்தோடேயே பூட்டி, குறி பார்த்து, கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு போம். அரைக் கிலோதான். இரண்டாவது துவக்கை விட அது இலேசு.

பழங்கதை

இடையில் ஒரு வரலாற்று வம்பு. 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட், அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய சூட்டோடு, மகன் கெர்மிட்டையும் கூட்டிக்கொண்டு மொம்பாசாவில் போய் இறங்கினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிற பயணம். அவருடைய முக்கியமான ரைஃபிள்கள் மூன்று: ராணுவ ஸ்பிரிங்ஃபீல்ட், .405 வின்செஸ்டர், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக் குழல். பறவைக்கு ஒரு ஷாட்கன் வேறு. ஆனால் தூக்க ஆள் இருந்தது, நூற்றுக்கணக்கில். அப்பனும் மகனுமாக 512 மிருகங்கள் என்பது கணக்கு. நம் ஆட்கள் அதை நினைத்துக்கொண்டு 23 கிலோ பெட்டியில் மூன்று துப்பாக்கியை அடைக்கிறார்கள்.

அதே காலத்தில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவில். மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்துவைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு "சின்னத் துப்பாக்கியே போதும்" என்று வாதாட வருகிறவர்களுக்காகத்தான் வன்னிக்காரர் சொன்ன 9.2 மில்லிமீட்டர் சட்டமெல்லாம். எனக்கு அதில் பரிதாபப்பட ஒன்றும் தெரியவில்லை. ரூஸ்வெல்ட் சுற்றிய கென்யாவில் 1977-இல் வேட்டையையே தடை செய்துவிட்டார்கள், இப்போது அங்கே எத்தனை கேமரா லென்ஸ் என்பதுதான் கேள்வி.

விண்ட்ஹூக் கணக்கு

நான் பூஜ்யம் கட்சி. நமீபியாவில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வேட்டைக்குப் போனேன், இரண்டு தடவையும் பண்ணையின் வாடகைத் துப்பாக்கிதான். .308, குழல் முனையில் சத்தம் குறைக்கும் உருளை மாட்டியது. அங்கே அது சாதாரணம். விமான நிலையமும் இல்லை, படிவமும் இல்லை. பண்ணைக்காரர் அதே துப்பாக்கியால் அதே தோட்டாவை வருஷக்கணக்காகச் சுட்டுக்கொண்டிருப்பவர், நம்மைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியின் தோளில் வைக்கிற கட்டை எனக்கு ஒன்றரை அங்குலம் குட்டை. முதல் நாள் ஜெம்ஸ்பாக் ஒன்றுக்காகச் சரிவில் படுத்துச் சுட்டேன். சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இறங்கியது. பிறைபோல் ஒரு வெட்டு, இன்னும் இருக்கிறது. கண்ணில் ரத்தம் வழிய ஜெம்ஸ்பாக் எங்கே போனது என்றே தெரியவில்லை. அது தப்பவில்லை, அறுபது அடி தள்ளி விழுந்திருந்தது. அதற்கும் காரணம் பண்ணைக்காரர்தான்: நம் மான் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் சுடாதே, இங்கே இதயம் இன்னும் முன்னாலும் கீழேயும் இருக்கும், முன்னங்கால் மேலே ஏறுகிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுடு என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்.

எருமைக்கு வாடகைத் துப்பாக்கி வேண்டாம் என்பேன். பழகாத கட்டையில் .375 அடித்தால் பிறையோடு நிற்காது.

டாலஸ்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: இம்பாலா ஐம்பது, அறுபது கிலோதானே, அதற்கு .375 என்றால் இறைச்சி பாழாகாதா?

ஹூஸ்டன் பெரிசு

ஆகாது தம்பி. 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு மெதுவாகத்தான் போகும், வேகமான சின்னக் குண்டு மாதிரி சிதறடிக்காது. ஆனால் பின்னால் இன்னொரு இம்பாலா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள். ஊடுருவிப் போய் அதையும் அடிக்கும். அங்கே காயம்பட்டு ஓடினாலும் முழுக் கட்டணம் எழுதிவிடுவார்கள். என் ரசீதில் வார்ட்ஹாக் இரண்டு என்று இருக்கும், படத்தில் ஒன்றுதான் இருக்கும்.

டாலஸ்வாசி

சரி, முடிவு பண்ணிவிட்டேன். .270-ம் .30-06-ம் வீட்டிலேயே இருக்கட்டும். .375 ஒன்று, அறுபது தோட்டா. இரும்புக் குறி இருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூட அதை வைத்துச் சுட்டதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கடதாசித் தட்டோடு ரேஞ்சுக்குப் போகிறேன். வரிசை எண்ணை நேற்றே டார்ச் அடித்துப் படித்து, வீட்டம்மாவையும் தனியாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தது. கறுப்புப் பேனா வீட்டில் ஒன்றுகூட இல்லை, பையன் பள்ளிப் பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜோபர்க் தம்பி

ஜெல் பேனாவாக இருந்தால் இரண்டாக எடுங்கள் அண்ணே, விமானத்தில் கக்கும். எந்த விமானம் என்று சொல்லுங்கள், வாசலில் நிற்கிறேன்.