மறு: ‘தேடாப்பேறு’ சரி, நடுவே கழியும் காலத்துக்கு என்ன சொல்?

வணக்கம்.

தேடாமலே பயனுள்ள ஒன்று கிடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான செரண்டிப்பிட்டிக்குத் (serendipity) தமிழில் ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ போதாது. 1754-இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் கடிதமொன்றில் இச்சொல்லை ஆக்கியபோதே தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்துத்தான் விளக்கினார். ‘தேடாப்பேறு’ என்றால் அதுவும் அடங்கிவிடும். கண்ணில் பட்டதெல்லாம் பேறாகாதே. ஆனால் தகவல் கண்ணில் பட்டதற்கும் பயன்பட்டதற்கும் இடையிலான காலத்துக்குச் சொல் இல்லை. ‘கனிகாலம்’ எனலாமா?

> ‘கனிகாலம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. கனிவது எது? தகவல் அப்படியேதான் கிடக்கிறது, தேவைதான் பிறகு வருகிறது. 3M நிறுவன வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் ஒட்டியும் ஒட்டாத ஒரு பசையைச் செய்தார். பாட்டுப்புத்தகத்தில் பக்கம் குறிக்கும் தாளுக்கு அது உதவும் என்று அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃபிரைக்குத் தோன்றியது 1974-இல்; ‘போஸ்ட்-இட்’ ஒட்டுத்தாள் பிறந்தது அப்படித்தான். பசை கனியவில்லை, அதற்கேற்ற சிக்கல் வந்து சேர்ந்தது, அவ்வளவே. ‘கிடப்புக்காலம்’ என் பரிந்துரை. கோப்பு கிடப்பில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதுதானே.

> ‘கிடப்புக்காலம்’ என் பரிந்துரை.

‘கிடப்பு’ அலட்சியத்தையும் உணர்த்தும். உணர்த்தட்டும், பாதிப் பழி நம்முடையதுதான்.

ஆனால் யாருடைய காலம் என்பது வரையறையில் வேண்டும். சில்வருக்கு 1968 முதல் எண்ணலாம். ஃபிரைக்கு அவர் அந்தப் பசையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள் முதல்தான். எனவே: ‘ஒருவர் தேடாமல் ஒரு தகவலைக் கண்ட நாள் முதல் அவரே அதைப் பயன்படுத்திய நாள் வரை.’ பாரம்பரிய விதிகள் பற்றிய மெண்டலின் 1866 கட்டுரை 1900-இல் வெளிச்சத்துக்கு வந்தது இதில் சேராது. அது கிடந்தது நூலகத்தில், ஒருவர் நினைவில் அல்ல.

அளக்க விரும்புவோர் கண்ட நாள், அப்போது தேடிக்கொண்டிருந்தது, இதில் கண் நின்றது ஏன் என ஒரு வரி, இவற்றை உடனே குறிக்க வேண்டும். அந்த ஒரு வரியை விட்டால் ஆறு மாதம் கழித்து வெறும் சுட்டிதான் மிஞ்சும், ஏன் சேமித்தோம் என்றே தெரியாது. இணையப் பக்கம் மாறலாம், மறையலாம். தேவையான பத்தியையும் நகலெடுத்து ஒட்டுங்கள். முழுக்கப் படிக்க அங்கேயே உட்கார்ந்தால் வந்த வேலை கைநழுவும்.

இன்னொரு பொறி: பயன்படாமலே கிடப்பவற்றுக்கு முடிவு நாள் இல்லை. அவற்றை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் கிடப்புக்காலம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ‘இன்னும் கிடப்பில்’ என்று இன்றைய தேதியோடு அவற்றையும் பட்டியலில் வைத்திருங்கள்.

> அவற்றையும் பட்டியலில் வைத்திருங்கள்.

ஏற்கிறேன். கண்ட கணமே பயன்பட்டால்?

கிடப்புக்காலம் சுழியம். அதுவும் தேடாப்பேறுதான்.