மெட்ஃபார்மின் வாங்கினால் சர்க்கரை நோயாளியா?

சத்துவாச்சாரி, தரவு வேலை:

ஒரு ஆராய்ச்சிக்காக மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பதிவுகளிலிருந்து டைப் 2 சர்க்கரைக்காரர்களைப் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். பெயர், முகவரி நீக்கிய பதிவுகள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வாங்கியவர்களை எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். பட்டியலைப் பார்த்தால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் கொத்துக் கொத்தாக. பக்கத்து மேஜை மேடம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "தம்பி, இதெல்லாம் சினைப்பை நீர்க்கட்டிக்கு வந்த பிள்ளைங்க. அதுக்கும் இதே மாத்திரை குடுப்பாங்க."

சரி, டாக்டர் குறிப்பில் 'டி.எம்.' (சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் எழுதும் சுருக்கம்) என்று தேடினேன். அது இன்னும் மோசம். 'டி.எம். இல்லை', 'அப்பாவுக்கு டி.எம்.' எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தது. டைப் 2 சர்க்கரைக்கான நோய்க் குறியீடு இ11 (E11) மட்டும் போதுமா என்றால், சந்தேகத்துக்கு டெஸ்ட் எழுதும்போதே அதைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

கடைசியில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல், எதுவானாலும் இரண்டு தடவை வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறியீடும் மருந்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அப்புறம் கொஞ்சம் கேஸ் ஷீட்டுகளை உட்கார்ந்து படித்துச் சரிபார்த்தோம். கண் எரிந்தது, ஆனால் அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ராணிப்பேட்டை, நர்ஸ்:

எங்களுக்குப் பிரிக்க வந்தது ஸ்க்ரப் டைஃபஸ், பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல். மழை முடிந்து குளிர் தொடங்கினால் நம் பக்கம் வரிசையாக வரும். அதற்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மருந்து வாங்கியவர்களை எடுத்தால் முகப்பருக்காரர்களும் வந்து நிற்பார்கள். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ. அதைக் குறிக்க சிஸ்டத்தில் கட்டமே இல்லை. நாங்கள் ராத்திரி ட்யூட்டியில் அடித்த குறிப்பில்தான் இருந்தது. நர்ஸ் குறிப்பையும் தேடுங்கள் என்று சொல்ல ஒரு மாதம் ஆனது, அது வேறு கதை.

மறுபடி சத்துவாச்சாரி:

அக்கா சொன்னதும் ஞாபகம் வருகிறது. வங்காளத்திலிருந்து ரயிலேறி இதயத்துக்குக் காட்ட வந்த ஒருவர். எங்கள் பதிவில் சுகர் டெஸ்ட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. 'நோய் இல்லை' பக்கம் விழுந்துவிட்டார். குறிப்பின் கடைசி வரியில், 'சுகர் மாத்திரை ஊரில் வாங்கிக்கொள்கிறார்.' அதன் பிறகு ஒரே தடவை வந்து போனவர்களை இரண்டு பக்கத்திலும் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்தோம்.