லாபிஸ் நலநிதி: ஜொகூர் பாருவுக்கு வேனா, ஊரிலேயே பரிசோதனையா?

பழைய ஆசிரியர்:
சென்ற மாத விருந்தில் நம் லாபிஸ் ஊர் நலச்சங்கத்துக்குச் சேர்ந்த ஏறத்தாழ 20,000 ரிங்கிட்டைப் புற்றுநோயாளிகளுக்காகச் செலவிடுவது என்று செயற்குழு முடிவெடுத்துவிட்டது. எப்படிச் செலவிடுவது என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் வாங்கலாம் என்கிறது ஒரு தரப்பு. அந்தப் பணத்தில் நம் பெண்களுக்கு மெமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துவிடலாம் என்கிறது மறுதரப்பு. நான் வேன் பக்கம்.

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் கட்டினால் போதும். ஆனால் யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறி, சுமார் 150 கிலோமீட்டர் கடந்து அங்கே போய்ச் சேரும் செலவை எந்த ரசீதிலும் எழுதுவதில்லை. ரேடியேஷன் என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியமும் அன்று; வாரத்தில் ஐந்து நாள் என்று வாரக்கணக்கில் நீளும். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில் போட்ட மைக்கோடு அழிந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் குளித்துவிட்டு, விடியுமுன் தாமான் (குடியிருப்பு) முனையில் யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்களா என்று நிற்கும் பெண்களை இந்த ஊரில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருக்கிற நோயாளியை விட்டுவிட்டு, இல்லாத நோயைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கிளினிக் தாதி:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தங்கள் இரக்கத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. இல்லாத நோய் என்கிறீர்கள். அது இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை 1,15,238 புதிய நோயாளிகளைக் கணக்கெடுத்தது. நோயின் நிலை பதிவானவர்களில் 63.7 விழுக்காட்டினருக்கு அது முற்றிய மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் இந்த அளவு 58.7 விழுக்காடு. அதாவது மருத்துவம் முன்னேறிய அதே காலத்தில் நாம் இன்னும் தாமதமாக வரத் தொடங்கியிருக்கிறோம்.

தாமதத்துக்கு விலை என்ன என்பதும் கணக்கில் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட உயிர்வாழ்வு ஆய்வின்படி, மார்பகப் புற்றுநோயை முதல் நிலையில் கண்டறிந்த பெண்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு, நான்காம் நிலையில் 23.3. நம் இந்தியப் பெண்களில் 23 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம் என்று அதே பதிவேடு மதிப்பிடுகிறது.

எங்கள் கிளினிக்குக்கு இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதம் தவறாமல் வரும் அம்மாக்கள் பலர். விரலை நீட்டுவார்கள், கையை நீட்டுவார்கள். மார்பைப் பரிசோதிக்கலாமா என்று கேட்டால் "பேரப்பிள்ளை பள்ளி விட்டு வந்துவிடுவான்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கட்டியின் மேல் மஞ்சள் பற்றுப் போட்டு, அதன் மேல் துணி வைத்து, இரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வந்த ஒருவரைக் கடைசியில் அந்த வாடைதான் காட்டிக்கொடுத்தது. வேன் வாங்கினால் அவரை ஜொகூர் பாருவுக்கு வசதியாக அழைத்துப் போகலாம் என்பது உண்மைதான். இரண்டு ஆண்டுக்கு முன்பே வந்திருந்தால் அவருக்குப் பாதிப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

தோட்டத்து மகள்:
தாதி அக்கா, என் அம்மாவுக்குக் கட்டி சீக்கிரமே தெரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையும் நன்றாகவே நடந்தது. அதன் பிறகுதான் பிடிமானம் விட்டுப்போயிற்று. அண்ணனுக்கு நாள் சம்பளம்; அம்மாவைக் கூட்டிப்போகும் நாளில் செம்பனைக் குலை வெட்டப் போக முடியாது, போகாத நாளுக்குக் காசு கிடையாது. ஒரு முறை போய்ச் சேர்ந்த பிறகு, இயந்திரம் பழுது, நாளை வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், எவரும் சொல்லவில்லை. வீடு திரும்பிய அம்மா இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு நோயைப் பற்றித் தெரியாமலில்லை, பயமும் இல்லை. பிள்ளையின் சம்பளம் கரைவதைப் பார்க்கப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சியில் மூன்று இலக்குகள் இருக்கின்றன: நோயாளிகளில் 60 விழுக்காட்டினரையாவது முதல் இரண்டு நிலைகளில் கண்டறிவது, 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுமையாக முடிப்பது. நீங்கள் முதல் இலக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்டுபிடித்துக் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் அவள் எப்படிப் போகிறாள் என்று கேட்காமலிருந்தால் அந்தப் பரிசோதனையால் அவளுக்குக் கிடைத்தது தூக்கமில்லாத இரவுகள் மட்டுமே.

பாசிர் கூடாங்:
இரு தரப்புக்கும் ஒரு கேள்வி. இது ஏன் நம் விருந்துப் பணத்தில் நடக்க வேண்டும்? தீபகற்பத்தில் சுகாதார அமைச்சின் ரேடியேஷன் மையங்கள் நெடுங்காலமாகக் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர் பாரு என்று பெருநகரங்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. 2013இல் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் வந்தது, நல்லது. லாபிஸ்காரருக்கு அதனால் தூரம் எவ்வளவு குறைந்தது? ரப்பர் பால் வெட்டிய தலைமுறைக்குத் தோட்டத்திலேயே மருந்து கொடுக்க ஒரு டிரெசராவது (மருத்துவ உதவியாளர்) இருந்தார். சிகாமட்டில் ஒரு மையம் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்பதுதான் நம் வேலை. வேன் வாங்கினால் அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் மூடி மறைத்துக் கொடுத்ததாகிவிடும்.

மருந்தக நண்பர்:
தம்பி, மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் ரேடியேஷனையும், மருந்து ஏற்றும் கீமோ சிகிச்சையையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ரேடியேஷன் இயந்திரத்துக்குத் தடித்த கான்கிரீட் அறை வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். அதை இயக்கும் பயிற்சி பெற்றவர்கள் நாள்தோறும் வேண்டும். ஆள் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் சிறு ஊரில் நிறுத்தினால், மேலே தங்கை சொன்ன "இயந்திரம் பழுது, நாளை வாருங்கள்" என்பது அன்றாடப் பேச்சாகிவிடும். கீமோ அப்படியன்று. மருந்தைப் பாதுகாப்பாகக் கலக்கும் அறையும் பயிற்சி பெற்ற மருந்தாளரும் தாதியரும் இருந்தால், நிபுணரின் மேற்பார்வையில் பல மருந்துகளை மாவட்ட மருத்துவமனையிலேயே ஏற்றலாம். மனுவில் அதைக் கேளுங்கள். கிடைக்கக் கூடியது அதுதான்.

சிகிச்சையும் மாறி வருகிறது. முன்பு மார்பக ரேடியேஷன் என்றால் ஐந்து வாரம். பிறகு அது மூன்று வாரம், 15 முறை என்று குறைந்தது. 2020இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, தொடக்கநிலை நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 முறை கொடுப்பதும் அந்த மூன்று வார முறைக்குச் சளைத்ததன்று என்று காட்டியது. இது எல்லோருக்கும் பொருந்தாது, நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனாலும் "எனக்குக் குறைந்த நாள் முறை பொருந்துமா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நம்மவர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளுக்காக ஒவ்வொரு முறையும் ஜொகூர் பாரு போவதும் வீண். மீதி மருந்தை அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள்.

வேன் பற்றி ஒரு சொல். வாங்குகிற காசு ஒரு செலவு, வைத்துக்கொள்கிற காசு இன்னொரு செலவு. காப்புறுதி, சாலை வரி, டயர், ஓட்டுநர் என்று பார்த்தால் இந்த நிதி வெகுநாள் தாங்காது.

பழைய ஆசிரியர்:
சொந்த வேன் வேண்டாம் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதே. ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய்ச் செலவும் டோல் கட்டணமும் சங்கம் கொடுத்துவிடலாம். ஆனால் பணம் பயணத்துக்குத்தான் என்பதில் நான் அசையவில்லை. மெமோகிராமுக்குக் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படம் எடுத்து, பேனர் கட்டி, நிதி தீர்ந்துவிடும்.

கிளினிக் தாதி:
பேனர் விஷயத்தில் ஐயா சொல்வது முற்றிலும் உண்மை. அதனால்தான் நானும் எல்லோருக்கும் மெமோகிராம் என்று கேட்கவில்லை. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியே பொதுவாக 50 முதல் 74 வயதுப் பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒரு முறை என்றுதான் பேசுகிறது. முப்பது வயதுப் பெண்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது காசுக்கும் கேடு, மனத்துக்கும் கேடு. நான் கேட்பது வேறு. கிளினிக்கில் தாதி செய்யும் மார்பகப் பரிசோதனை இருக்கிறது, பெருங்குடலுக்கு மலப் பரிசோதனை இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறியும் எச்.பி.வி. பரிசோதனையும் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் பெண்ணே திரைக்குப் பின்னால் தன் மாதிரியை எடுத்துக் கொடுத்தாள். முடிவு அவள் கைப்பேசிக்கே வந்தது. வெட்கம் தடையாக இருக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம். வீட்டுக்கு வந்து கூட்டிப்போக ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள்.

தோட்டத்து மகள்:
அக்கா கேட்கும் அதே ஆள்தான் எனக்கும் வேண்டும். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் இயங்குகிறது. மார்பகப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து நோயாளியைத் தொடர்ந்து வழிநடத்த அங்கே ஆள் உண்டு. வர முடியாதவளிடம் ஏன் வரவில்லை என்று அவர் விசாரிப்பார். ஆனால் நம் ஆளுக்கு முதல் வேலை, இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள். புதியவர்களைத் தேடுவது பிறகு. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மருந்தக நண்பர்:
அவர் செய்யக்கூடிய இன்னொன்று: பெக்கா பி40. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அரசாங்கம் 2019இல் தொடங்கிய திட்டம். தகுதியுள்ள குடும்பங்களில் 40 வயது நிரம்பியவர் அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவி. விண்ணப்பம் மருத்துவமனை வழியாகப் போக வேண்டும். என்னிடம் மருந்து வாங்க வரும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 40 வயதுக்குக் குறைந்த நோயாளிக்கு அது கிடையாது என்பதால், நம் நிதியை முதலில் அவர்களுக்கு ஒதுக்கலாம்.

பாசிர் கூடாங்:
நல்லது. இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 63.7 விழுக்காடு தாமதமாக வருகிறார்கள் என்றால், அவர்களில் பலருக்கு வேனும் வேண்டாம், மெமோகிராமும் வேண்டாம். வலி குறைய வேண்டும். கோலாலம்பூரில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு கடைசிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்க வீடு தேடிப் போகிறது. இங்கே யார் போகிறார்கள்? என் மாமாவின் கடைசி மாதங்களில் வலிக்கான மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்லி வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள்.

கிளினிக் தாதி:
மார்ஃபின் பற்றி அந்தக் குடும்பத்திடம் பேச நான் வந்திருப்பேன், எவரும் அழைக்கவில்லை. வலி நிவாரணத்தையும் அந்த ஆளின் பட்டியலில் சேர்க்கலாம். வீட்டில் போடும் மருத்துவமனைக் கட்டிலின் வாடகைக்கு நிதியில் ஒரு பங்கு ஒதுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முதலிடம் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. இருவகை வேலையும் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

பழைய ஆசிரியர்:
அப்படியானால் வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களாக வைக்கிறேன். ஒன்று, வேன் வாங்குவதில்லை. எண்ணெய், டோல் செலவும் ஓர் உதவியாளரின் மாதப்படியும் நிதியிலிருந்து கொடுப்பது. இரண்டு, அவருடைய நேரத்தில் எவ்வளவு சிகிச்சைப் பயணத்துக்கு, எவ்வளவு கிளினிக் அழைப்புக்கு என்பது, இதில் வாக்கெடுப்புத்தான். சிகாமட் கீமோ மனுவைப் பாசிர் கூடாங் தம்பி எழுதிக் கொண்டுவரட்டும். அந்த உதவியாளர் வேலைக்குப் பெண் ஒருவர் வேண்டும், மலாய் நன்றாகப் பேச வேண்டும், பகலில் தொலைபேசியை எடுக்க வேண்டும். பெயர் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.