புது ஆயர் வருகிறார், என்ன ஏற்பாடு செய்யலாம்?

முதுநகர்க்காரன்: கடலூர் முதுநகரில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு ஞாயிறன்று புது ஆயர், அதாவது சபைப் போதகர், வருகிறார். 3 மாதமாக உபதேசியார்தான் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) ஆராதனை நடத்தினார். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் பக்கத்துச் சபை ஆயர் வந்துபோனார். கமிட்டியில் நான் புதுசு. எதை விடக்கூடாது?

பதில் 1: சால்வையைக் குறையுங்கள் சார். எங்கள் ஆயரம்மா பீரோவில் 40 கிடக்கிறது. பார்சனேஜ் (ஆயர் குடியிருக்கும் வீடு) தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா பாருங்கள். உப்புக்காற்று, குழாயெல்லாம் துருப்பிடித்திருக்கும்.

பதில் 2: தம்பி, இந்த 3 மாதக் கல்யாணம், அடக்கம் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறதா? எங்கள் சபையில் ஒரு கல்யாணம் விட்டுப்போய், அந்தப் பெண் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தாள். 1947இல் சி.எஸ்.ஐ. உருவாவதற்கு முந்தைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) காலத்து ஞானஸ்நான ஏடு இருந்தால் பிளாஸ்டிக்கில் சுற்றிவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

முதுநகர்க்காரன்: மோட்டார் ஓடவில்லை அண்ணே, ஆளுக்குச் சொல்லியாச்சு. சால்வை ஏற்கெனவே 11 சேர்ந்துவிட்டது.